சின்னது நிக்குதா?

ஏசியின் வலைச்சட்டங்களை மொட்டைமாடிக் குழாயடியில் போட்டு வடிவு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு வாளி சோப்புத் தண்ணீர். தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. தேய்க்கத் தேய்க்க நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த வேலைக்கு வேறு ஆள் உண்டு. அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு வடிவுதான் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கீபோர்டைத் தொடாத வேலை எதுவானாலும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், சர்வர் அறையில், பெரியது இரைந்துகொண்டிருந்தது. ஒற்றையாளாகச் சுமக்கிறது, அதனால் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் அதுவும் படுத்துவிடும். வலையில் தூசி இருந்தால் அறை குளிராது. அதற்காகத்தான் இந்தத் தேய்ப்பு.

திருநெல்வேலிக்குத் தெற்கே, சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்புகிற ஓர் அறக்கட்டளையின் அலுவலகம் அது. கீழே போன் எடுக்கிறவர்கள். மேலே சர்வர் அறை. எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் மேலே இருக்கிற சர்வர் வழியாகத்தான் கீழே மணி அடிக்கும். எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டுவதும் அதுதான்.

சர்வர் இரண்டு. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கிக்கொள்ளும். பெட்டிகளின் மேல் நீளமாக ஏதோ பெயர் எழுதியிருந்தது. இங்கே எல்லாருக்கும் அவை பெரியது, சின்னது. அளவில் இரண்டும் ஒன்றுதான். முதலில் வந்தது பெரியது, பின்னால் வந்தது சின்னது, அவ்வளவுதான்.

வடிவு போன் எடுக்கத்தான் வேலைக்கு வந்தாள். சர்வர் வேலையைச் சொல்லிக்கொடுத்தது எப்சிபா. வடிவைவிட வயதில் இளையவள், கல்யாணம் ஆகாதவள், பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். வாத்தியார் சிஷ்யையை வடிவக்கா என்பாள். சிஷ்யை வாத்தியாரை மேடம் என்பாள். கீழே போன் அறையைப் பார்த்துக்கொள்ளும் சங்கரபாண்டியன் அண்ணன் இதைக் கேட்கும்போதெல்லாம், யாருக்கு யார் மூத்தது, ஆதார் கார்டைக் கொண்டாங்க, பார்த்துச் சொல்லுதேன் என்று கேலி பேசுவார்.

முதல் பாடம் ஒரு மத்தியான நேரத்தில் நடந்தது. டீ கொண்டுபோன வடிவு, எப்சிபா புது மென்பொருள் ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். கீழே மணி அடித்தபடி இருந்தது.

"போன் வந்துக்கிட்டே இருக்கு. நிறுத்தாம எப்படி மேடம் மாத்துவீங்க?"

எப்சிபா நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்து வலது தோளில் போட்டாள். பிறகு இடது தோளுக்கு மாற்றினாள். காலியான வலது தோளில் சுருண்டு கிடந்த துப்பட்டாவை நேராக்கினாள். பையை மறுபடி வலப்பக்கம் மாற்றி, இடது தோளை நேராக்கினாள்.

"பை கீழ விழுந்துச்சா?"

"இல்ல."

"அவ்வளவுதான் வடிவக்கா."

டீயைக் குடித்துவிட்டு ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னாள். "அந்தத் தோளு தாங்குதான்னு கண்ணால பார்த்த பெறகுதான் இந்தத் தோள விடணும். காதால கேட்டு விடக் கூடாது."

வடிவு அதை மனதில் வாங்கிக்கொண்டாள். அன்று முதல் வேலை பழகினாள். எப்சிபா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பலமுறை தன் கையாலேயே செய்தாள். சுமையைச் சின்னதுக்கு மாற்றுவாள், படியிறங்கிப் போய்த் திரையைப் பார்ப்பாள், ஏறி வருவாள், அப்புறம்தான் மென்பொருள் மாற்றப் பெரியதை இறக்குவாள். ஒரு நாளும் பை விழவில்லை.

அன்றைக்கு எப்சிபா இல்லை. அக்காளுக்கு நிச்சயதார்த்தம் என்று நாசரேத் போயிருந்தாள். தனியாகச் செய்வீர்களா என்று கேட்டதற்கு, செய்வேன் என்று வடிவுதான் சொன்னாள்.

அந்த மாதத்தில்தான் அவள் பிள்ளை பிடி விட்டு நிற்கப் பழகியிருந்தான். வேலைக்கு நடுவே நாத்தனாருக்குப் போன் போட்டு, நிக்குதா என்பாள். நிக்குது நிக்குது என்று அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். சுவரைப் பிடிக்காமல் நிற்கிறது, கை தட்டிக்கொண்டு நிற்கிறது, தொப்பென்று விழுந்து மறுபடி எழுந்து நிற்கிறது. வீட்டில் எல்லார் வாயிலும் அந்த ஒரு வார்த்தைதான்.

சுமையைச் சின்னதுக்கு மாற்றினாள். இனி படியிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பால் கொடுக்கிற நேரம் தாண்டியிருந்தது. மார் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, முந்தானை வரைக்கும் ஈரம் வந்திருந்தது. கீழே அன்றைக்கென்று வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் வந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே இந்தக் கோலத்தில் எப்படிப் போவது என்று இருந்தது அவளுக்கு. படி வரைக்கும் போனாள். திரும்பி வந்து இன்டர்காமை எடுத்தாள்.

"அண்ணே, சின்னது நிக்குதா?"

சங்கரபாண்டியன் திரையைப் பார்த்தார். சர்வர் ஓடினால் திரையின் மூலையில் ஓடுகிற கடிகாரம் அசையவில்லை.

"நிக்குதும்மா."

வடிவு பெரியதை இறக்கினாள்.

சங்கரபாண்டியன் ஆயுசில் பாதி ஆம்புலன்ஸ் ஓட்டினவர். முழங்கால் போன பிறகுதான் போன் அறைக்கு வந்தார். வண்டி நிக்குது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். நடுரோட்டில் மக்கர் பண்ணிக் கிடக்கிறது, தள்ளுவதற்கு ஆள் வேண்டும்.

கீழே எல்லா மணியும் அடங்கிப்போயிற்று. வந்திருந்தவர்களில் ஒருவர், இன்றைக்கு அவ்வளவாக யாருக்கும் ஆபத்து இல்லை போலிருக்கிறது, நல்லது என்றாராம்.

என்ன நடந்தது என்று வடிவுக்குப் புரிந்தபோது பெரியது பாதி வழியில் இருந்தது. அது புது மென்பொருளைப் போட்டுக்கொண்டு எழுந்து வரும்வரைக்கும் அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பதைத் தவிர யாரும் எதுவும் செய்ய முடியாது. அவள் உட்கார்ந்திருந்தாள். பால் வடிந்தபடி இருந்தது.

மணி அடங்கின நேரத்தில் ஒரே ஒரு ஆள் லைனில் இருந்தார். அவர் பேசினது பதிவாகியிருந்தது. பின்னால் விசாரணைக்கு வந்தவர்கள் அதைப் போட்டுக் காட்டினார்கள்.

"ஒரு வண்டி அனுப்புங்கம்மா, வீட்ல வலி வந்துட்டு, தலை தெரியுதுங்காங்க. ஊரு வந்து தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம், அந்த"

அதோடு சரி.

அவர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. காய்கறி ஏற்றுகிற லோடு ஆட்டோவில் மனைவியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார். வழியிலேயே பிரசவம் ஆகிவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை அழவேயில்லை.

ஆம்புலன்ஸ் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று விசாரணைக்காரர்கள் டாக்டரிடம் கேட்டார்கள். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வடிவை யாரும் திட்டவில்லை. வேலையிலிருந்து எடுக்கவில்லை. தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஓடுகிற எதையும் இனிமேல் யாரும் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதனால் நடுவில் மக்கர் பண்ணின சின்னது அப்படியே ஓரத்தில் கிடந்தது. பெரியது ஒண்டியாகச் சுமந்தது.

சங்கரபாண்டியன் ஒரு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். வாசலோடு நின்று, ஓடலன்னுதாம்மா நான் சொன்னேன் என்றார். தெரியும்ணே என்றாள் வடிவு. அதிலிருந்து அவர் நிக்குது என்ற வார்த்தையை வாயிலேயே எடுப்பதில்லை. ஸ்டாப்பில் பஸ் நின்றால்கூட, பஸ் இருக்கு போ என்றுதான் சொன்னார்.

அந்த ஊருக்குப் போய், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வடிவு ஒரு காலையில் கிளம்பினாள். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் பிள்ளை சுவரைப் பிடிக்காமல் நின்று, அவளைப் பார்த்துக் கை தட்டினான். அவள் தூக்கவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவனாகத் தவழ்ந்து வந்து சேலையை விலக்கிப் பால் குடித்தான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

குழாயடிக்கு எப்சிபா வந்தாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள்.

"வடிவக்கா, பெரியதுக்கு மூச்சு வாங்குது. இன்னைக்குச் சின்னதை ஏத்திரணும். மேல கேட்டு உத்தரவு வாங்கிட்டேன்."

"நீங்க செய்யுங்க மேடம்."

"கூட ஆளு வேணும்."

"நான் வர மாட்டேன்."

எப்சிபா கட்டாயப்படுத்தவில்லை. வாங்க, வேற ஒரு சோலி இருக்கு என்று மட்டும் சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். சர்வர் அறையில் ஒரு மர நாற்காலி உண்டு. ஒரு கால் ஒடிந்து, அதற்கு முட்டாகச் செங்கல் வைத்திருந்தது. எப்சிபா அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தச் செங்கலை எடுத்துட்டு அந்தக் கட்டையை வைங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

கட்டை மூலையில் இருந்தது. வடிவு குனிந்து நாற்காலிக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். பாரம் தோளுக்கு வந்தது. செங்கலை உருவினாள். கட்டையை எட்டினாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டினாள். தோள் நழுவியது. நாற்காலி சரிந்து, எப்சிபா தரையில் விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

வடிவு பதறிப்போய்த் தூக்கப் போனாள். எப்சிபா எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துகொண்டு முழங்கையை ஊதினாள்.

"விழுவேன்னு தெரிஞ்சுதான் உக்காந்தேன்" என்றாள். "இருந்தாலும் உக்காந்தேன்."

வடிவு செங்கலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியும் மேடம். நீங்க தெரிஞ்சு உக்காந்தீங்க. அன்னைக்கு லைன்ல இருந்த ஆளுக்கு, தான் எதுமேல உக்காந்திருக்கோம்னே தெரியாது."

எப்சிபா தலை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறாள் வடிவு. வாத்தியார் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்து அவள் பார்த்ததேயில்லை. முழங்கையில் ரத்தம் பொட்டுப் பொட்டாக அரும்பியது. எப்சிபா அதைத் துடைக்கவும் இல்லை.

அந்த முகத்தைப் பார்க்க வடிவுக்குத் தாளவில்லை. செங்கலை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் எதையும் அமுக்க மாட்டேன். கீழ போய்ப் பார்த்துட்டு மட்டும் வாரேன்."

"அது போதும்" என்றாள் எப்சிபா.

சின்னதுக்குப் புது மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தபோது, இன்டர்காமில் எதுவும் பேசக்கூடாது, ஒருவேளை பேச வேண்டி வந்தாலும் எந்த வார்த்தையைச் சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். நிக்குது ஆகாது. ஓடுது என்று சொல்லலாமா என்றாள் எப்சிபா. விட்டுட்டு ஓடினாலும் ஓடுறதுதானே என்றாள் வடிவு. போகுது? போயிட்டுன்னா செத்துப்போனதுக்கும் அதைத்தான் சொல்லுவோம். தூக்கிக்கிட்டு? பிள்ளையைத் தூக்கினாலும் தூக்குறது, கயித்துல தூக்கினாலும் தூக்குறது.

"ஒரு வார்த்தைகூட ஒழுங்கா இல்லையே வடிவக்கா."

அவ்வளவு நாளைக்குப் பிறகு வடிவு முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

சின்னது எழுந்தது. எப்சிபா சுமையை அதன் மேல் மாற்றினாள். பெரியதைத் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வடிவு படியிறங்கினாள். இன்றைக்கும் பால் நேரம்தான். இன்றைக்கும் ரவிக்கை நனைந்துதான் இருந்தது. போன் அறைக்குள் ஆட்களுக்கு நடுவே போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். சங்கரபாண்டியன் தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

மூலையில் கடிகாரம் அசைந்துகொண்டிருந்தது. அது போதாது என்று இருந்தது அவளுக்கு. மணி அடிக்கட்டும் என்று நின்றாள். அடித்தது. எங்கேயோ பனையிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டாராம். போன் எடுத்த பெண் ஊரைக் கேட்டாள், பெயரைக் கேட்டாள், வண்டியை அனுப்பினாள். அந்தப் பக்கத்துக் குரல் கடைசி வரைக்கும் அறுந்துபோகவில்லை. வாக்கியத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் போனை வைத்தது.

வடிவு மாடி ஏறி வந்தாள்.

"பார்த்தேன்" என்றாள்.

எப்சிபா பெரியதை இறக்கினாள். அத்தனை நாள் இரைந்துகொண்டிருந்த சத்தம் அடங்கியது. கீழே மணிகள் அடித்தன. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேலை முடிந்தது என்று போன் எடுக்கிற பெண்களிடம் சொன்னபோது, எந்த வேலை என்று கேட்டார்கள்.

வடிவு மறுபடி குழாயடிக்குப் போய்ப் பிரஷை எடுத்துக்கொண்டாள். ஒரு சட்டம் பாக்கி இருந்தது. எப்சிபாவும் வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தண்ணீரில் தூசி கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே வடிவு சொன்னாள்.

"அன்னைக்கும் இப்படிப் படியிறங்கிப் போயிருந்தா, அன்னைக்கும் யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எங்கயோ ஒரு ஊருல ஒரு பிள்ளை அழுதிருக்கும். அதுவும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

எப்சிபா கழுவின சட்டம் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"இப்ப எங்க வீட்டுப் பிள்ளை அழுதாலும் எனக்கு அதுதான் கேக்குது மேடம். எதைத் தேய்ச்சாலும் போகல."

"போகாது" என்றாள் எப்சிபா.

வடிவு தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள். பிறகு, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மேடம், நான் நிக்கட்டுமா?"

கேட்டு முடித்த பிறகு, எதைக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலைக்கு நிற்பதும் நிற்பதுதான். வேலையை விட்டு நிற்பதும் நிற்பதுதான்.

எப்சிபா குனிந்து, வடிவின் கையிலிருந்த சட்டத்தை வாங்கினாள். அதை வெளிச்சத்துக்குத் தூக்கி, கண்ணிகளின் வழியாக அவளைப் பார்த்தாள்.

"நில்லுங்க வடிவக்கா."

கீழேயிருந்து சங்கரபாண்டியனின் குரல் வந்தது. சாப்பிடப் போன பெண் இன்னும் திரும்பவில்லை, எல்லா லைனும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. "வடிவு, லைன்ல ஆளு இருக்கு. வா தாயி."

வடிவு பிரஷை வாளியில் போட்டாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடியே படிக்கு ஓடினாள். முதல் படியில் கால் வைத்தவள், கேட்டுவிட்டே போகலாம் என்று திரும்பி, "மேடம், நில்லுன்னா இங்கயா, இல்ல" என்பதற்குள் கீழே மணி மறுபடி அடித்தது, மீதியைக் கேட்காமலே இறங்கி ஓடினாள்.